அமெரிக்காவில் பி.எஃப். கமிஷனர் உண்டா?

"நியூ ஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகனுக்குச் சம்பளத்தில் மாதாமாதம் 401(கே) என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். நம்ம ஊர் பி.எஃப். மாதிரிதான் என்கிறான். அப்படியானால் அங்கேயும் ஒரு பி.எஃப். கமிஷனர் இருப்பாரே? தொழிலாளர் துறையில் ஊழியர் நலத் திட்டங்களுக்கென்று ஓர் உதவிச் செயலர் இருக்கிறார், செனட்டில் ஓட்டெடுத்து வந்தார் என்று படித்தேன். அவரா? பணம் அவர் கையில்தான் இருக்கிறதா? கம்பெனி ஏமாற்றினால் அவரிடம் போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பணம் அவர் கையில் இல்லை. ஒரு சென்ட் கூட இல்லை. ஆனால் ஏமாற்றினால் அவருடைய அலுவலகத்துக்குப் போகலாம், கைக்காசு செலவில்லாமல். பணமே கையில் இல்லாதவரிடம் போய் என்ன பிரயோஜனம் என்று அடுத்து கேட்பீர்கள். அதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. இருபது வருஷமாக இந்தத் திட்டங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவன் நான். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், 'உதவி' என்ற சொல்லைப் பார்த்து ஃபைல் தூக்கும் பதவி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் 'செயலர்' என்றால் நம் கணக்கில் அமைச்சர். அவருக்கு அடுத்து துணைச் செயலர் ஒருவர். அதற்கும் கீழே, ஒவ்வொரு பிரிவுக்கும் தலைவராக உதவிச் செயலர்கள். நீங்கள் கேட்டவர் தலைமை வகிக்கும் பிரிவுக்கு ஊழியர் நலப் பாதுகாப்பு நிர்வாகம் என்று பெயர். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'எப்சா' என்பார்கள். 2003-க்கு முன்பு அதற்கு வேறு பெயர். அதிபர் பெயரை முன்மொழிவார், செனட்டின் ஒரு குழு கூப்பிட்டுக் கேள்வி கேட்கும், பிறகு முழு செனட் ஓட்டுப் போடும். இது சடங்கு மாதிரி முடிந்துவிடுவதும் இல்லை. லீசா கோமெஸ் பெயரை பைடன் 2021 ஜூலையில் அனுப்பினார். 2022 ஜூனில் நடந்த ஓட்டெடுப்பில் அவர் தோற்றார். செப்டம்பர் 29-இல் மறுபடி எடுத்தபோதுதான் 49-க்கு 36 என்று தேறினார். பதினான்கு மாதம் இழுத்தடிக்கிற அளவுக்கு அந்த நாற்காலியில் ஏதோ இருக்கிறது என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் பி.எஃப். எப்படி நடக்கிறது? 1952 சட்டத்தில் தொடங்கியது. பணம் நிறுவனத்திடமிருந்து ஈ.பி.எஃப்.ஓ.வுக்கு வருகிறது. மத்திய தொழிலாளர் அமைச்சர் தலைமையிலான அறங்காவலர் குழு முதலீட்டை முடிவு செய்கிறது, வட்டியைப் பரிந்துரைக்கிறது. 2024-25-க்கு 8.25 சதவீதம். வசூல், முதலீடு, கணக்கு, பட்டுவாடா எல்லாம் ஒரே வீட்டுக்குள். பெரிய கம்பெனிகள் சில தனி டிரஸ்ட் வைத்து நடத்துவது உண்டு, அது விதிவிலக்கு.

அங்கே அந்த விதிவிலக்குதான் விதி. ஒவ்வொரு கம்பெனியும் தன் ஊழியர்களுக்குத் தானே ஒரு திட்டத்தை ஏற்படுத்துகிறது. ஏற்படுத்தியே ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் கட்டாயப்படுத்துவதும் இல்லை. ஏற்படுத்தினால் பணத்தை ஒரு டிரஸ்டில் போட வேண்டும். அந்த டிரஸ்ட் கம்பெனியின் சொத்து அல்ல, கம்பெனி திவாலானாலும் கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது. வட்டி என்று யாரும் அறிவிக்க மாட்டார்கள். உங்கள் மருமகன் எந்த ஃபண்டில் போட்டாரோ, சந்தையில் அது எப்படிப் போகிறதோ, அதுதான் அவருக்கு.

அதனால் பி.எஃப். கமிஷனர் சரியான உவமை இல்லை. எனக்குத் தோன்றும் உவமை நம் இந்து சமய அறநிலையத் துறை ஆணையர். கோயில் நிலம் சாமிக்குச் சொந்தம். பார்த்துக்கொள்வது தர்மகர்த்தா. தர்மகர்த்தா ஒழுங்காகப் பார்க்கிறாரா என்று மேலிருந்து பார்ப்பது ஆணையர். 401(கே)-இல் சாமி இடத்தில் ஊழியர். தர்மகர்த்தா இடத்தில் கம்பெனி அல்லது கம்பெனி நியமித்த குழு. ஆணையர் இடத்தில் இந்த உதவிச் செயலர். ஒரு வித்தியாசம், அறநிலையத் துறை தானே செயல் அலுவலரைப் போட்டுக் கோயிலை நடத்தவும் செய்யும். எப்சா அப்படி எந்தத் திட்டத்தையும் எடுத்து நடத்தாது. நிர்வாகி மோசமென்றால் நீதிமன்றத்துக்குப் போய் அவரை மாற்றச் சொல்லும், அவ்வளவுதான்.

இப்படி ஒரு மேற்பார்வை ஏன் வந்தது என்று கேட்டால் எல்லாரும் ஒரே ஊரைத்தான் சொல்வார்கள். இண்டியானா மாநிலத்தில் சவுத் பெண்ட். அங்கே ஸ்டூடபேக்கர் கார் தொழிற்சாலை 1963 டிசம்பரில் மூடப்பட்டது. பென்ஷன் நிதியில் கொடுத்த வாக்குறுதிக்கு ஏற்ற பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்கும் அறுபதைத் தொட்டவர்களுக்கும் முழுசாகக் கிடைத்தது. நாற்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுக்குள் இருந்த சுமார் 4,000 பேருக்கு, வர வேண்டிய ஒரு டாலருக்கு 15 சென்ட் வீதம். நாற்பதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இதில் சட்டமீறல் என்று எதையும் காட்ட முடியவில்லை என்பதுதான் கொடுமை. நிதியில் இவ்வளவு பணம் இருக்க வேண்டும் என்று அன்றைக்குச் சட்டமே கேட்கவில்லை. இன்னொரு பக்கம், லாரி ஓட்டுநர்கள் சங்கமான டீம்ஸ்டர்ஸின் ஒரு பெரிய பென்ஷன் நிதியிலிருந்து லாஸ் வேகஸ் சூதாட்ட விடுதிகளுக்குக் கடன் போனது. அந்த நிதியில் மாஃபியாவின் கை இருந்தது என்பது பிறகு ஊரறிந்த கதையாயிற்று. நியூ யார்க் செனட்டர் ஜேக்கப் ஜாவிட்ஸ் வருஷக்கணக்கில் விடாமல் முட்டி மோதினார். கடைசியில் 1974 செப்டம்பர் 2 அன்று ஊழியர் ஓய்வு வருமானப் பாதுகாப்புச் சட்டத்தில், ஆங்கில முதலெழுத்துகளில் 'எரிசா', அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். அன்றைக்கு அங்கே தொழிலாளர் தினம்.

எரிசாவின் உயிர்நாடி ஒரு சொல். ஃபிடூஷியரி. இதற்கு 'நம்பிக்கைப் பொறுப்பாளர்' என்று எழுதுகிறார்கள், நான் தர்மகர்த்தா என்றே சொல்லிவிடுகிறேன். ஊழியர்களின் நன்மை ஒன்றுக்காக மட்டுமே செயல்பட வேண்டும், விஷயம் தெரிந்த, கவனமுள்ள ஒருவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடந்துகொள்ள வேண்டும் என்கிறது சட்டம். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நாம் சொல்வோம். எரிசா அதை ஒப்புக்கொள்வதில்லை. நக்கக் கூடாது என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறது. திட்டத்தின் பணத்தைத் தன் கம்பெனிக்குக் கடன் கொடுப்பது, தன் கட்டடத்தைத் திட்டத்தின் தலையில் கட்டுவது, கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரு ஃபண்டைச் சேர்ப்பது எல்லாம் தடை. மீறினால் நஷ்டத்தைச் சொந்தப் பணத்தில் ஈடுகட்ட வேண்டும். சிவன் சொத்து குலநாசம் என்கிற அளவுக்குப் போகவில்லை, வீட்டை விற்றாவது கட்டு என்பதோடு நின்றுகொள்கிறது. எப்சா மூலம் மீட்கப்படும் தொகைக்கு மேல் 20 சதவீதம் அபராதமும் உண்டு.

அப்படியானால் யார் தர்மகர்த்தா, யார் இல்லை என்பதுதானே எல்லாவற்றையும் தீர்மானிக்கும்? உதவிச் செயலரின் உண்மையான அதிகாரம் இங்கேதான் இருக்கிறது. சொல் சட்டத்தில் இருக்கிறது, அதன் எல்லையை விதிமூலம் வரைவது அவர் அலுவலகம்.

உதாரணத்துக்கு, முதலீட்டு ஆலோசனை சொல்கிறவர். இவர் எப்போது தர்மகர்த்தா ஆவார் என்று 1975-இல் ஐந்து அம்சச் சோதனை ஒன்றை எழுதி வைத்தார்கள். ஐந்தும் சேர்ந்து பொருந்த வேண்டும். அதில் ஒன்று, ஆலோசனை தொடர்ச்சியாக வழங்கப்பட வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் 1975-இல் 401(கே) என்பதே கிடையாது. அந்த வரிப்பிரிவு 1978-இல்தான் வந்தது. இன்றைக்கு ஒரு சாதாரண ஊழியர் வாழ்க்கையில் எடுக்கும் மிகப் பெரிய பண முடிவு எது? வேலையை விட்டுப் போகும்போது, சேர்ந்த மொத்தத்தையும் 401(கே)-இலிருந்து எடுத்துத் தனிநபர் ஓய்வுக் கணக்குக்கு மாற்றுவது. அதற்கு ஆலோசனை சொல்கிறவர் ஒரே ஒரு தடவைதான் சொல்கிறார். ஒரு தடவை சொன்னால் 'தொடர்ச்சி' இல்லை. தொடர்ச்சி இல்லையென்றால் தர்மகர்த்தா இல்லை. இருபது வருஷச் சேமிப்பை, தனக்குக் கமிஷன் அதிகம் தரும் ஒன்றில் போடச் சொல்லிவிட்டு, எரிசாவின் பொறுப்பு எதுவும் ஒட்டாமல் போய்விடலாம்.

ஒபாமா காலத்தில் இந்த நாற்காலியில் இருந்த ஃபிலிஸ் போர்ஸி இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார். 2010-இல் புது விதியின் வரைவை வெளியிட்டார். எதிர்ப்பு வந்த வேகத்தில் 2011-இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2015-இல் மறுபடி கொண்டுவந்தார். அந்த வருஷம் வெள்ளை மாளிகையின் பொருளாதார ஆலோசகர்கள், சுயலாபம் கலந்த ஆலோசனையால் மக்களுக்கு வருஷத்துக்கு 1,700 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குக் காட்டினார்கள். 2016 ஏப்ரலில் விதி இறுதியானது. 2018 மார்ச்சில் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் இருவர் ஒரு பக்கமாக, மொத்தத்தையும் ரத்து செய்தது. அந்த வழக்கில் விதியை எதிர்த்து அமெரிக்க வர்த்தக சபைக்காக வாதாடிய யூஜின் ஸ்காலியா மறு வருஷமே தொழிலாளர் செயலரானார், எப்சாவுக்கே மேலதிகாரி! கதை அதோடு முடியவில்லை. 2024 ஏப்ரலில் கோமெஸ் காலத்தில் இன்னொரு விதி வந்தது. ஜூலையில் டெக்சாஸில் இரண்டு நீதிமன்றங்கள் அடுத்தடுத்த நாளில் அதற்குத் தடை போட்டன. ஆக, ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அந்த ஐந்து அம்சம் சாகாவரம் வாங்கி வந்ததுபோல அப்படியே இருக்கிறது. என் அபிப்பிராயம் கேட்டால், போர்ஸி சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அவர் விதி தனிநபர் கணக்குகள் வரை கையை நீட்டியது, அது தொழிலாளர் துறையின் வரப்புக்குள் வருமா என்பது நியாயமான சந்தேகமும்கூட.

இந்த இழுபறியைப் பார்த்தால், ஒருவர் பெயருக்கு ஏன் பதினான்கு மாதம் மல்லுக்கட்டினார்கள் என்பது புரியும். நாற்காலிக்கு வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். கோமெஸ் தொழிற்சங்கங்களின் நலத் திட்டங்களுக்கு வழக்கறிஞராக இருந்தவர். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் வந்த பிரெஸ்டன் ரட்லெஜ் செனட் நிதிக் குழுவில் வரிச் சட்ட ஆலோசகர். 2025 செப்டம்பரில் உறுதியான டேனியல் ஆரோனோவிட்ஸ், தர்மகர்த்தாக்கள் மேல் வழக்கு வந்தால் காப்பீடு தரும் நிறுவனத்தை நடத்தியவர். கம்பெனிகள் மேல் கூட்டமாகப் போடப்படும் வழக்குகள் எல்லை மீறிவிட்டன என்று வெளிப்படையாகச் சொல்லி வந்தவர். ஆள் மாறினால் காற்றும் மாறும். 401(கே)-இல் கிரிப்டோ சேர்ப்பதற்கு முன் அதீத கவனம் வேண்டும் என்று எப்சா 2022 மார்ச்சில் எச்சரித்தது, 2025 மே மாதம் அந்த எச்சரிக்கையைத் தானே திரும்பப் பெற்றது. சட்டத்தில் ஒரு வரி கூட மாறவில்லை.

அரசியல் போகட்டும். உங்கள் மருமகனுக்கு வேண்டியது கீழ்த்தளத்தில் நடக்கும் வேலை. 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வுக்காலத் திட்டங்கள், 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவத் திட்டங்கள், அவற்றை நம்பி ஏறத்தாழ 15 கோடிப் பேர். இதைப் பார்க்க எப்சாவில் இருப்பவர்கள் 1,000 பேருக்கும் குறைவு. எல்லாக் கணக்கையும் புரட்டிப் பார்ப்பது நடக்காத காரியம். ஆகவே புகார்தான் அவர்களுக்குக் கண். கட்டணமில்லாத ஒரு தொலைபேசி எண் இருக்கிறது. எடுப்பவர் 'நல ஆலோசகர்'. அவர் வழக்குப் போடுவதில்லை, கம்பெனிக்குப் போன் போடுவார். பல விஷயங்கள் அந்தப் போனிலேயே முடிந்துவிடும். 2024 நிதியாண்டில் எப்சா மீட்ட தொகை கிட்டத்தட்ட 140 கோடி டாலர், அதில் 54 கோடிக்கு மேல் இந்த மாதிரி சமரசத்தில் வந்தது.

என் நண்பர் ஒருவருக்கு நடந்தது. நாற்பது பேர் வேலை பார்த்த சின்ன கன்சல்டிங் கம்பெனி, முதலாளி நம்மவர்தான், பெயர் வேண்டாம். சம்பளச் சீட்டில் 401(கே) பிடித்தம் ஒழுங்காகக் காட்டும், கணக்கில் பார்த்தால் மூன்று மாதமாக ஒன்றும் ஏறவில்லை. கேட்டால், "கிளையண்ட் பேமென்ட் லேட் தம்பி, போட்டுடறேன்" என்பார். விசா அவர் கையில் இருப்பதால் அழுத்திக் கேட்கப் பயம். பிடித்த பணம் கம்பெனியின் பணத்திலிருந்து பிரிக்க முடிகிற நாளிலேயே திட்டத்தின் சொத்தாகிவிடுகிறது. நூறு பேருக்குக் குறைவான திட்டம் ஏழு வேலை நாளுக்குள் செலுத்திவிட்டால் கேள்வி இல்லை. எப்படிப் பார்த்தாலும் அடுத்த மாதத்தின் பதினைந்தாவது வேலை நாளைத் தாண்டக் கூடாது. கிளையண்ட் கொடுத்தாரா இல்லையா என்பது கணக்கிலேயே வராது. நண்பர் கடைசியில் போன் செய்தார். ஆலோசகர் முதலாளியைக் கூப்பிட்டுப் பேசிய பிறகு பணமும், அந்த மூன்று மாதத்தில் அது ஈட்டியிருக்க வேண்டிய லாபமும் சேர்ந்து ஏறியது. தாமதமான தொகைக்கு வருமான வரித் துறைக்கு முதலாளி தனியாக ஒரு வரியும் கட்ட வேண்டியிருந்தது. புகார் செய்ததற்காக வேலையை விட்டு நீக்குவதையும் எரிசா தடுக்கிறது. அதை அவருக்கு யாரும் முன்பே சொல்லவில்லை.

அந்த முதலாளி பணத்தைச் சாப்பிட்டே தீர்வது என்று இருந்திருந்தால் கதை வேறு. எப்சா விசாரிக்கும், தொழிலாளர் துறையின் வழக்கறிஞர்கள் செயலர் பெயரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போடுவார்கள். நலத் திட்டப் பணத்தைத் திருடினால் ஐந்து வருஷம் வரை சிறை.

பலருக்குத் தெரியாத ஒன்று, கம்பெனி வழியாக வரும் மருத்துவக் காப்பீடும் இதே அலுவலகத்தின் பார்வையில்தான் வருகிறது. பெரிய கம்பெனிகள் பல, அட்டையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருந்தாலும், மருத்துவச் செலவைத் தாங்களே ஏற்கின்றன. அந்த வகைத் திட்டத்தில் கிளெய்ம் மறுக்கப்பட்டு மாநிலக் காப்பீட்டுத் துறைக்கு எழுதினால், எங்கள் வரம்பில் இல்லை என்று கடிதம் வரும். போக வேண்டிய இடம் எப்சா. அதற்கு முன், மறுப்பு வந்த நாளிலிருந்து 180 நாள் மேல்முறையீட்டுக்கு உண்டு, அதைக் கோட்டை விடக் கூடாது.

வரம்பில் இல்லாதவையும் இருக்கின்றன. அரசு ஊழியர் திட்டங்களும் தேவாலயத் திட்டங்களும் எரிசாவுக்கு வெளியே. 401(கே)-இல் வருஷத்துக்கு எவ்வளவு போடலாம் என்பது வருமான வரித் துறை சொல்வது. பழைய பாணிப் பென்ஷனுக்குக் காப்பீடு தருவது பி.பி.ஜி.சி. என்ற தனி அமைப்பு, அது 401(கே)-க்குக் கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி பிடித்தம் முற்றிலும் வேறு சமாசாரம். அதை இந்தியா திரும்பும்போது என்ன செய்வது என்பது தனிப் பதிலாக எழுத வேண்டியது, இரண்டு நாட்டுக்கும் அதில் ஒப்பந்தம் இல்லை.

ஊர் திரும்பியவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. பழைய கம்பெனியில் சின்னத் தொகை ஒன்றை விட்டுவிட்டு வந்திருப்பீர்கள். 7,000 டாலருக்குள் என்றால், உங்களைக் கேட்காமலே அதை வேறொரு கணக்குக்குத் தள்ளிவிடச் சட்டம் இடம் தருகிறது. இப்படித் தொலைந்ததைத் தேட எப்சா 2024 டிசம்பரில் ஒரு தேடுதளம் திறந்தது. நிறுவனங்கள் தாமாகத் தரும் தகவலை நம்பித்தான் அது தொடங்கியது, ஆகவே அதில் இல்லையென்றால் பணமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மருமகன் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு திட்டமும் வருஷாவருஷம் படிவம் 5500 தாக்கல் செய்கிறது. எப்சாவின் தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் யார் வேண்டுமானாலும், மதுரையில் உட்கார்ந்துகொண்டு நீங்களே கூட, படிக்கலாம். நூறு பேருக்கு மேல் உள்ள திட்டமென்றால் அந்தப் படிவத்தோடு இணைந்த எச் அட்டவணையில் 4ஏ என்று ஒரு வரி இருக்கும். ஊழியரிடம் பிடித்ததை உரிய காலத்தில் செலுத்தத் தவறியதுண்டா என்று அது கேட்கும். எந்தக் கோப்பைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அங்கே 'ஆம்' என்று இருந்து, பக்கத்தில் ஒரு தொகையும் இருந்தால், தம்பியைச் சம்பளச் சீட்டையும் கணக்கையும் அருகருகே வைத்து மூன்று மாதத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.